புதிய விசுவாசியை வசனத்தில் வளர்த்து, கள்ள உபதேசத்துக்குத் தப்புவிக்க: 24 வார வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்த ஒருவரையோ, பல வருடம் சபைக்கு வந்தும் வேதத்தைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரியாத ஒருவரையோ கூடவே உட்கார்ந்து வளர்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். மூப்பர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவர், வீட்டு ஜெபக்குழுவைக் கவனிக்கும் சகோதரி என யாரும் இதைச் செய்யலாம். வாரம் ஒரு சந்திப்பு, மொத்தம் 24 வாரம்.

பெரும்பாலோர் இடறுவது வரிசையில்தான். கள்ளப் போதகர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு முதல் வாரமே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், யார் யார் தவறாகப் போதிக்கிறார்கள் என்று அந்தத் தம்பி கடகடவென்று சொல்வார்; சுவிசேஷம் என்ன என்று கேட்டால் திணறுவார். பட்டியலில் இல்லாத புதிய ஆள் ஒருவர் வந்துவிட்டால் அவரைக் கண்டுகொள்ள இவருக்கு வழியே இருக்காது. ஆகையால் முதலில் சுவிசேஷம், அடுத்து வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிக்கும் பழக்கம், அதற்குப் பிறகே சோதித்தறிதல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. தொடங்குமுன் தயார் செய்ய வேண்டியவை

போதகருக்குத் தெரிவியுங்கள். யாரை, எங்கே, எத்தனை மாதம் சந்திக்கப்போகிறீர்கள், எந்தப் புத்தகத்தை வாசிக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சபைக்குத் தெரியாமல் நடக்கும் "ஸ்பெஷல்" வேதபாடம்தான் கள்ள உபதேசக் குழுக்கள் ஆள் பிடிக்கும் வழக்கமான வாசல். உங்கள் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், மறைவாகப் படிப்பது சரிதான் என்று அவருக்குப் பழக்கிவிட்டால், நாளை வேறொருவர் அதே வாசலில் வந்து நிற்பார்.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். முதிர்வயதுள்ள ஸ்திரீகள் இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தீத்து 2:3-5 சொல்வதும் இந்த ஒழுங்கைத்தான். இடம் சபை மண்டபமாகவோ, வீட்டார் இருக்கும் வீட்டுக் கூடமாகவோ இருக்கட்டும். பூட்டிய அறை வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதமும், கூட இன்னொரு பெரியவரும் கட்டாயம்.

ஒருவர், மிஞ்சினால் இருவர். மூன்றாமவர் வந்தாலே அது வகுப்பாகிவிடும். பேசாதவர் பேசாமலே 24 வாரத்தையும் கடத்திவிடுவார்.

பொருட்கள். இருவரிடமும் ஒரே மொழிபெயர்ப்பில் அச்சிட்ட வேதாகமம், ஒரு நோட்டு, பேனா. சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பே போதும். கடினமான இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க எளிய நடையில் இன்னொரு மொழிபெயர்ப்பு உங்கள் பையில் இருக்கட்டும். செல்போன் ஆப் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. தேடினால் அது ஒற்றை வசனத்தைத்தான் முன்னே காட்டும். முன்னும் பின்னும் கண்ணில் படாது. அந்தப் பழக்கத்தைத்தானே மாற்றப் போகிறோம்? விளக்கவுரைப் புத்தகங்களையும் முதல் 12 வாரம் கொடுக்காதீர்கள். வசனத்தைப் பார்க்குமுன் அடிக்குறிப்பைப் பார்க்கிறவர் கடைசிவரை அடிக்குறிப்பையே தேடுவார்.

நேரம். 75 நிமிடம். முதல் 10 நிமிடம் நலம் விசாரிப்பு, 45 நிமிடம் வாசிப்பு, 15 நிமிடம் இந்த வாரம் எதைச் செய்வது என்ற பேச்சு, கடைசி 5 நிமிடம் ஜெபம். ஜெபத்தை நீட்டி வாசிப்பைக் குறுக்காதீர்கள். அவர் வீட்டிலும் ஜெபிப்பார், கூட உட்கார்ந்து வாசிக்கத்தான் ஆள் தேவை.

முதல் நாளே சொல்ல வேண்டிய மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று, இருவருக்கும் நடுவே பணக் கொடுக்கல் வாங்கல் இல்லை. கடனும் இல்லை, காணிக்கையும் இல்லை. இரண்டு, "இதைப் பாஸ்டரிடம் சொல்லாதே, வீட்டில் சொல்லாதே" என்ற பேச்சு இங்கே வராது. அவர் மனம்விட்டுச் சொன்னதை நீங்கள் வெளியே சொல்லமாட்டீர்கள். உயிருக்கு ஆபத்தோ, ஒரு பிள்ளைக்குத் தீங்கோ என்றால் மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். மூன்று, வேலை, கல்யாணம், வீடு மாறுவது பற்றி "கர்த்தர் எனக்குக் காட்டினார், நீ இப்படிச் செய்" என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். இந்த மூன்றாவதில் வழுக்கி விழும் நல்ல வழிகாட்டிகள் அநேகர். வேதத்தை விட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்க்க ஒருவரைப் பழக்கினால், அடுத்து வருகிற கள்ளத் தீர்க்கதரிசிக்கு அவரைத் தயார் செய்து கொடுத்தவர் நீங்கள்தான்.

## 2. முதல் சந்திப்பு: கேளுங்கள், திருத்தாதீர்கள்

முதல் வாரத்தில் பாடம் வேண்டாம். ஐந்து விஷயங்களைக் கேட்டு, அவர் போன பிறகு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எப்படி இயேசுவிடம் வந்தார், சபைக்கு வெளியே யாருடைய செய்திகளைக் கேட்கிறார், எந்த யூடியூப் சேனல், எந்த வாட்ஸ்அப் குழு, யாராவது அவருக்குத் தீர்க்கதரிசனம் சொல்லியிருக்கிறார்களா, அதனால் உள்ளுக்குள் ஏதும் பயம் இருக்கிறதா, பொருத்தனை, வாக்குக்கொடுத்த காணிக்கை என்று ஏதும் பாக்கி நிற்கிறதா, இப்போது வீட்டில் பெரிய பாரம் எது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். கள்ள உபதேசம் வாதத்தின் வழியாக உள்ளே வருவது குறைவு, தேவையின் வழியாக வருவதே அதிகம். குழந்தையில்லாத வீடு, கடன், தீராத வியாதி, தள்ளிப்போகும் கல்யாணம்: எங்கே வலிக்கிறதோ அங்கேதான் யாராவது ஒரு வாக்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவருடைய வலி எது என்று தெரிந்தால், எந்தப் பக்கம் காவல் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு ஒன்று. அவர் ஒரு போதகரின் பெயரைச் சொன்னதும், "ஐயோ, அவரா?" என்று முகம் சுளிப்பது. அதோடு முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர் கேட்பதை நிறுத்தமாட்டார், உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவார்.

கிறிஸ்தவரல்லாத குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்தவருக்கும் சபையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் குறை வேறு வேறு. முன்னவருக்குக் கிருபை, மீட்பு, நீதிமானாக்கப்படுதல் என்ற பேச்சே புதிது. ஒவ்வொன்றையும் வழக்குத் தமிழில் விளக்குங்கள். பின்னவருக்கு நூறு வசனம் மனப்பாடமாக இருக்கும். அந்த நூறும் எந்தச் சூழலில், யாருக்குச் சொல்லப்பட்டவை என்று தெரியாது. இரண்டாமவரை வளர்ப்பதுதான் கடினம், ஏனென்றால் தனக்குத் தெரியும் என்று அவர் நினைக்கிறார்.

## 3. வாரம் 2 முதல் 7 வரை: மாற்கு சுவிசேஷம் முழுவதும்

மாற்கு 16 அதிகாரம். வாரத்துக்கு மூன்று அதிகாரமாக நான்கு வாரம், அடுத்த இரண்டு வாரம் இரண்டிரண்டு அதிகாரம். வீட்டில் வாசித்துவிட்டு வரட்டும். சந்திப்பில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சத்தமாக மாறி மாறி வாசியுங்கள்.

தலைப்புவாரியான பாடப்புத்தகத்தை விட்டு ஒரு முழுச் சுவிசேஷத்தை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், இயேசுவை முழுதாகப் பார்த்தவருக்குத்தான் வேறொரு இயேசு வரும்போது வித்தியாசம் தெரியும். தலைப்புப் பாடங்களில் வசனங்களைத் தெரிந்தெடுப்பது பாடத்தை எழுதியவர். சுவிசேஷத்தில் வரிசை சுவிசேஷகனுடையது.

மாற்குவுக்கு இன்னொரு பலனும் உண்டு. பிற்பாடு சோதித்தறியும்போது வேண்டிய இடங்கள் பல இதிலேயே கிடக்கின்றன: மனுஷருடைய பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குவது (7:13), தன்னை வெறுத்துச் சிலுவையை எடுத்துக்கொள்வது (8:34), விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் (12:40), அற்புதங்களைச் செய்து காட்டும் கள்ளக்கிறிஸ்துக்கள் (13:22), அந்த நாளை ஒருவரும் அறியார் என்பது (13:32). இப்போது இவற்றைச் சாதாரணமாக வாசித்துக் கடந்துபோங்கள். பெயர் சொல்லி யாரோடும் இணைக்காதீர்கள்.

ஏழாம் வார முடிவில் ஒரு பரீட்சை. வேதம் தெரியாத ஒரு அலுவலக நண்பரிடம் சொல்வதுபோல, சபைப் பேச்சு இல்லாமல், மூன்று நிமிடத்தில் சுவிசேஷத்தைச் சொல்லச் சொல்லுங்கள். இயேசு யார், நம்முடைய பாவங்களுக்காக அவர் மரித்தது, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது, மனந்திரும்பி அவரை விசுவாசிப்பது: 1 கொரிந்தியர் 15:3-4, மாற்கு 1:15 இரண்டையும் பக்கத்தில் வைத்து இந்த நான்கும் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் முதல் தடவை சொல்வது, "இயேசுவிடம் வந்தேன், என் பிரச்சினை தீர்ந்தது" என்பதுதான். அதில் சிலுவை இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை. சாட்சி வேறு, சுவிசேஷம் வேறு என்பதை அன்பாகக் காட்டி மறுபடி சொல்ல வையுங்கள். இதில் தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் கூடுதலானாலும் பரவாயில்லை.

## 4. வாரம் 8 முதல் 12 வரை: வசனத்தை அதன் இடத்தில் வாசிப்பது

இந்த ஐந்து வாரம்தான் முழு வேலையின் முதுகெலும்பு. தவறான போதனை பெரும்பாலும் வேதத்துக்கு வெளியே இருந்து வருவதில்லை. உள்ளிருந்து பிடுங்கியெடுத்த ஒற்றை வசனத்தோடுதான் வருகிறது.

ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்க வேண்டியவை நான்கு. யார், யாரிடம் சொல்கிறார்? அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? அன்று கேட்டவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள்? கிறிஸ்துவின் மூலமாக இது நமக்கு எப்படி வருகிறது? நான்காவதற்கு முதலில் தாவுவதுதான் எல்லாருடைய சுபாவமும். மூன்றையும் நோட்டில் எழுதாமல் நான்காவதற்கு விடாதீர்கள்.

முதல் பயிற்சிக்கு எரேமியா 29:11 மிகவும் ஏற்றது. புதுவருட ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டையிலும், காலண்டரிலும், கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும் வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது அவருக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். இப்போது 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சத்தமாக வாசியுங்கள்.

28-ல் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, கர்த்தர் சொல்லுகிறார் என்று தொடங்கிப் பேசுகிறான். பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்தது, இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து எல்லார் கண்முன்னும் உடைத்தும் காட்டுகிறான். எரேமியா சொல்வதோ 70 வருடம். இருவரும் ஒரே கர்த்தருடைய நாமத்தில்தான் பேசுகிறார்கள். அன்று கூட்டத்தில் நின்ற ஒருவருக்கு எந்தச் செய்தி இனித்திருக்கும் என்று அவரையே கேளுங்கள். அனனியா அந்த வருடம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான் என்று அதிகாரம் முடிகிறது.

29, சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. 8, 9 வசனங்கள், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள் என்று எச்சரிக்கின்றன. 10-ம் வசனத்தில் 70 வருடம். அதற்குப் பிறகே 11.

40 வயதில் இந்தக் கடிதத்தைக் கேட்டவர் ஊர் திரும்பவில்லை. பாபிலோனிலேயே கண்ணை மூடினார். ஆனாலும் வாக்கு பொய்யாகவில்லை. தேவன் தம் ஜனத்தைக் கைவிடவில்லை, சொன்ன காலத்தில் திருப்பிக்கொண்டு வந்தார். இந்த வசனத்தில் நமக்கு ஆறுதல் உண்டு, நிறையவே உண்டு. இந்த வருடம் விசா வரும் என்ற உறுதிதான் இல்லை. நமக்கு மிகவும் பிடித்த வாக்குத்தத்தம், இனிப்பான பொய்த் தீர்க்கதரிசனத்தை நம்பாதீர்கள் என்ற கடிதத்துக்குள்ளே இருக்கிறது என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். தானாகக் கண்டவர் மறக்கமாட்டார். அடுத்த வசனத்தைப் பார்க்கும்போது கை தானாகவே முந்தின பக்கத்தைப் புரட்டும்.

அடுத்த வாரங்களுக்கு வாரம் ஒன்றாக: பிலிப்பியர் 4:13 (12-ம் வசனத்தில் பவுல் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார், எழுதியது கட்டப்பட்ட நிலையில்), 3 யோவான் 2 (காயுவுக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தில் வரும் வேண்டுதல்), மல்கியா 3:10 (1 முதல் 4 வரை எல்லா அதிகாரத்தையும் வாசித்து, யாரைக் கடிந்துகொள்கிறது என்று பாருங்கள்), மத்தேயு 18:19-20 (15-ம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும்).

இங்கே கவனம் தேவை. சிலர் இந்தப் பயிற்சியைக் கற்றதும் வாக்குத்தத்த அட்டை வைத்திருக்கும் அம்மாவைக் கேலி செய்யத் தொடங்குவார்கள். உடனே நிறுத்துங்கள். வசனம் அந்த அம்மாவுக்கு உண்மையாகவே ஆறுதல் தந்திருக்கிறது. அம்மாவிடம் போய் அந்த முழு அதிகாரத்தையும் வாசித்துக்காட்டு என்று வேலை கொடுங்கள்.

## 5. வாரம் 13, 14: எது உயிர்நாடி, எது இல்லை

எல்லா வித்தியாசத்தையும் கள்ள உபதேசம் என்று சொல்கிறவரின் பேச்சை, உண்மையான ஆபத்து வரும்போது யாரும் கேட்கமாட்டார்கள். நோட்டில் மூன்று பகுதி பிரிக்கச் சொல்லுங்கள்.

முதல் பகுதி, மறுத்தால் சுவிசேஷமே போய்விடும் என்பவை: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற ஒரே தேவன், இயேசு மெய்யான தேவனும் மெய்யான மனுஷனும், நம் பாவங்களுக்கான அவருடைய மரணம், சரீர உயிர்த்தெழுதல், திரும்ப வருதல், கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு (எபேசியர் 2:8-10), வேதத்தின் அதிகாரம். நிசேயா விசுவாசப்பிரமாணத்தை இந்த வாரம் ஒருமுறை வரிவரியாக வாசியுங்கள். ஞாயிறுதோறும் சொல்கிறவர்களும் அதை நின்று யோசித்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் பகுதி, சபைகள் பிரிந்து நடக்கும் ஆனால் ஒருவரையொருவர் சகோதரர் என்று ஏற்கும் காரியங்கள்: குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா, அந்நிய பாஷை, சபை ஆளுகை, ஆயிரவருட அரசாட்சி. மூன்றாம் பகுதி, ரோமர் 14-ன்படி அவரவர் மனச்சாட்சிக்கு விடுபவை: சாப்பாடு, விசேஷ நாள் போன்றவை.

நகை போடுவது எந்தப் பகுதி என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் சபையின் வழக்கத்தை மதித்து நடக்கச் சொல்லுங்கள். ஆனால் "நகையைக் கழற்றாவிட்டால் இரட்சிப்பு இல்லை" என்று யாராவது சொன்னால், மூன்றாம் பகுதியில் இருந்ததை முதல் பகுதிக்குள் திணித்துவிட்டார்கள். கலாத்தியர் கடிதம் முழுவதும் இதைப் பற்றித்தான். ஒரு காரியத்தைச் சேர்ப்பதும் சுவிசேஷத்தைக் கெடுக்கும், குறைப்பதும் கெடுக்கும்.

## 6. வாரம் 15 முதல் 17 வரை: ஒரு பிரசங்கத்தைச் சோதிப்பது

முதலில் சோதிக்க வேண்டியது உங்களுடைய பாடத்தை. 15-ம் வாரம் நீங்கள் 20 நிமிடம் ஒரு பகுதியைப் போதியுங்கள்; அவர் சோதித்துத் திருத்தட்டும். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது. சோதிப்பது அவமரியாதை இல்லை என்பது உங்களிடமே பழகினால்தான் மனதில் ஊன்றும்.

அடுத்த வாரம் அவர் வழக்கமாகக் கேட்கும் ஒரு செய்தியை எடுங்கள். துண்டு வீடியோ கூடாது, முழுச் செய்தி. நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் வசனம் சொல்வது, வலப்பக்கம் பிரசங்கி சொல்வது. கேட்டு முடித்ததும் வசனங்களின் அதிகாரங்களைத் திறந்து பாருங்கள்.

உதாரணத்துக்கு, "ஆயிரம் ரூபாய் விதையுங்கள், நூறு மடங்கு வாங்குங்கள், மாற்கு 10:30" என்று சொல்லித் திரையில் கியூஆர் கோடு காட்டப்படுகிறது. வசனத்தைத் திறங்கள். நூறத்தனையாக என்பது இருக்கிறது. கூடவே "துன்பங்களோடேகூட" என்பதும் இருக்கிறது. அது பிரசங்கத்தில் வரவில்லை. கொடுத்ததற்கு வட்டி கணக்கும் அங்கே இல்லை. இயேசுவுக்காக வீட்டையும் சொந்தங்களையும் இழந்தவர்களைப் பற்றிய பேச்சு அது. இரண்டு காசு போட்ட விதவையைக் காட்டிக் காணிக்கை கேட்டால், அதற்குச் சற்று முன் 12:40-ல் யாரைப் பற்றி இயேசு எச்சரித்தார் என்று வாசிக்கச் சொல்லுங்கள். மாற்கு ஏற்கெனவே வாசித்தவர் என்பதால் இடம் சட்டென்று பிடிபடும்.

வசனத்தைத் தாண்டிக் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சில மாதச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் பாவம், மனந்திரும்புதல், சிலுவை எங்காவது வருகிறதா? பணத்துக்குக் கணக்கு உண்டா? எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையாளாமல், ஒருவரும் குற்றப்படுத்தாதபடி மற்றவர்களையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:20-21). அந்தப் போதகரிடம் யாராவது கேள்வி கேட்க முடியுமா? கேட்டால் "அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற பதில் வந்தால், சங்கீதம் 105-ஐ 9-ம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு தேசம் தேசமாய்த் திரிந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைச் சொல்லும் சங்கீதம் அது. கேள்விக்கு அப்பாற்பட்டவர் யாரும் இருந்திருந்தால் பேதுரு இருந்திருக்க வேண்டும். அந்தியோகியாவில் பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11).

ஒரு வாய்த்தவறை வைத்து யாரையும் கள்ளப் போதகர் என்று முத்திரை குத்தக் கூடாது. குறைந்தது மூன்று முழுச் செய்தி கேட்டு, அதே தவறு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்பொல்லோவுக்கு யோவானின் ஸ்நானம் மட்டுமே தெரிந்திருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைச் சேர்த்துக்கொண்டு விவரித்தார்கள், துரத்தவில்லை (அப்போஸ்தலர் 18:26). குறைவாகத் தெரிந்தவர் வேறு, வஞ்சிக்கிறவர் வேறு.

## 7. வாரம் 18, 19: தீர்க்கதரிசனம், அற்புதம், மருந்து

தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே உபாகமத்தின் இரண்டு சோதனைகளையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். 18:22, சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது. 13:1-3, சொன்ன அடையாளம் நடந்தாலும்கூட வேறு தேவர்கள் பின்னே இழுத்தால் கேளாதே என்கிறது. நம்மவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "அவர் சொன்னது அப்படியே நடந்ததே" என்ற ஒரே காரணத்துக்காக உபதேசத்தை முழுதாக விழுங்கிவிடுகிறார்கள்.

செய்முறை எளிது. யார் எதைச் சொன்னாலும், தேதி போட்டு, சொன்னது சொன்னபடி அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். "உங்கள் வீட்டில் ஒரு கண்ணீர் உண்டு" என்பது எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நடக்காதவை மனதில் நிற்பதில்லை, காகிதத்தில் நிற்கும்.

மருந்து விஷயத்தில் தெளிவாகப் பேசுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் மாத்திரைகளை "விசுவாசத்தினால்" நிறுத்தச் சொல்கிறவர் உயிரோடு விளையாடுகிறார். ஜெபிக்கலாம், எண்ணெய் பூசி ஜெபிக்கலாம். மாத்திரையை நிறுத்தும் பேச்சு டாக்டரோடு மட்டும். பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20), தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வழி சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று அவர் எழுதவில்லை.

## 8. அவர் ஏற்கெனவே சிக்கியிருந்தால்

பரலோகத் தாய் ஒருவர் உண்டு என்றோ, இந்தக் குழுவில் சேர்ந்தால்தான் இரட்சிப்பு என்றோ, இயேசு படைக்கப்பட்டவர் என்றோ போதிக்கும் குழுவில் அவர் படித்துக்கொண்டிருப்பது நடுவில் தெரியவரலாம். அட்டவணையை ஓரமாக வையுங்கள்.

விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். வசனம் விட்டு வசனம் தாவி வாதாட அவருக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். ஒரே பகுதியில் நில்லுங்கள்: யோவான் 1:1-18 அல்லது கொலோசெயர் 1:15-20. தாவினால், "இதை முடித்துவிட்டு அங்கே போவோம்" என்று திரும்பக் கூட்டிவாருங்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்பு வித்தியாசமாக இருந்தால் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வாசியுங்கள்.

அந்தக் குழு அவருக்கு என்ன கொடுத்தது என்றும் விசாரியுங்கள். பல சமயம் பதில் உபதேசம் இல்லை. "நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர்கள்தான் வந்தார்கள்" என்பதே. அப்படியென்றால் உங்கள் சபை செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எதிர்பேசுகிறவர்களுக்குச் சாந்தமாய் உபதேசிக்கும்படி 2 தீமோத்தேயு 2:24-25 கேட்பது குணத்துக்காக மட்டுமல்ல. கோபப்பட்ட சபை, "எங்களைத் துன்பப்படுத்துவார்கள்" என்று அந்தக் குழு முன்கூட்டியே சொல்லிவைத்ததை நிரூபித்துவிடும்.

## 9. சொந்தச் சபையின் போதனையிலேயே சந்தேகம் வந்தால்

முழுச் செய்தியையும் மறுபடி கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். 5-ம் படியில் பிரித்த எந்தப் பகுதி என்று பாருங்கள். இரண்டு, மூன்றாம் பகுதி என்றால் பேசாமல் விடலாம். முதல் பகுதி என்றால் போதகரைத் தனியாகச் சந்தித்து, குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்: "ஐயா, போன ஞாயிறு இப்படிச் சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்ததா?" பாதிக்கும் மேல் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டு மூன்று பேரோடு மூப்பர்களிடம் போங்கள் (1 தீமோத்தேயு 5:19). அங்கும் சுவிசேஷமே மறுக்கப்பட்டால் அமைதியாக வெளியேறி நல்ல சபையில் சேரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் தொடங்குவது மட்டும் கூடாது. அங்கே யாரும் மனம் மாறியதில்லை.

பாலியல் அத்துமீறலோ பணமோசடியோ உபதேசப் பிரச்சினை அல்ல, குற்றம். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால் இந்தியாவில் 2012-ம் வருட போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. சைல்டு லைன் எண் 1098. சபைக்குள்ளேயே பேசி முடிக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

## 10. வாரம் 20 முதல் 24 வரை: ஒப்புவிப்பது

2 தீமோத்தேயு நான்கு அதிகாரம், வாரம் ஒன்று. இப்போது நடத்துவது அவர்; நீங்கள் மாணவர். 4-ம் படியில் கற்ற நான்கு கேள்விகளையும் அவர் கேட்கட்டும். தடுமாறினாலும் முதல் அரைமணி நேரம் வாயைத் திறக்காதீர்கள். இமெநேயு, பிலேத்து இருவரும் உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொல்லிச் சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்ததை (2:17-18) 5-ம் படியில் பிரித்த எந்தப் பகுதியில் வைப்பார் என்று அவரே சொல்லட்டும். 4:3-ல் வரும் செவித்தினவு, அதாவது காதுக்கு இனியதையே கேட்க விரும்பும் அரிப்பு, கேட்கிறவர்களைப் பற்றியது என்பதையும் கவனிக்க வையுங்கள். கள்ளப் போதகரைக் கூட்டி வைப்பது சபையாரின் ஆசைதான் என்கிறது அந்த வசனம்.

24-ம் வாரம் மூன்று காரியத்தைப் பாருங்கள். சுவிசேஷத்தை மூன்று நிமிடத்தில் சொல்கிறாரா? முன்பின் தெரியாத ஒரு வசனத்தைக் கொடுத்தால் உங்களைக் கேட்காமல் முந்தின அதிகாரத்தைப் புரட்டுகிறாரா? உங்கள் பாடத்தில் ஒரு இடத்திலாவது "இல்லை அண்ணே, இந்த வசனம் அப்படிச் சொல்லவில்லையே" என்று சொல்லியிருக்கிறாரா? மூன்றாவது நடக்கவில்லை என்றால் இன்னும் நான்கு வாரம் நீட்டுங்கள்.

நடந்துவிட்டால் வாராந்திரச் சந்திப்பை நிறுத்திவிடுங்கள். மாதம் ஒருமுறை பேசினால் போதும். மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவி என்ற 2:2-ன்படி, அவர் கூட்டிக்கொண்டு உட்காரப்போகும் அடுத்த நபரின் பெயரைப் போதகரிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்கள் சொன்ன மூன்று கட்டுப்பாடுகளையும் அவர் புது நோட்டில் தன் கையால் எழுதிக்கொள்ளட்டும்.